பின்னணி இசை ஓயாத படங்களும், அது ஓய்ந்திருக்கும் காட்சிகளும்

கடைசிவரிசை:

சென்ற வாரம் ஒரு குடும்பப் படத்தைப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான்; தாய் எழுந்து சென்று திறக்கிறாள். அவள் தாழ்ப்பாளில் கைவைக்கும் முன்பே வயலின்கள் அழத் தொடங்கிவிட்டன. வந்திருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரியும் முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டதால், அவள் அதிர்ந்தபோது நான் அதிரவில்லை. மறுநாள் அதே காட்சியை ஒலியை முழுவதும் அடைத்துவிட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் அந்த நடிகை மகனின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் அவனுடைய கால்களைப் பார்க்கிறார், பிறகுதான் மெல்ல நிமிர்கிறார். முதல் நாள் இது என் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு நுட்பமாக நடித்த ஒருவரின் உழைப்பை இசை மூடிவிட்டதே என்ற வருத்தத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் திரைப்படக் கல்வி பயின்றவன் அல்லன். இராகங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரியாது. ஓய்வு கிடைக்கும்போது படம் பார்ப்பவன், பிடித்த படத்தை மீண்டும் மீண்டும் பார்ப்பவன், அவ்வளவுதான். ஆயினும் பல ஆண்டுகள் பார்த்ததில் எனக்குள் ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. பின்னணி இசை மோசமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது நிற்க மறந்துவிட்டது என்கிறேன். மேலே சொன்ன படத்தின் முதல் அரைமணி நேரத்தைக் கடிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இசை முழுமையாக நின்ற இடம் ஒன்றுகூட இல்லை. ஒருவர் தண்ணீர் குடிப்பதற்கும் இசை, இருவர் தெருவில் நடப்பதற்கும் இசை. இப்படி எல்லாவற்றுக்கும் ஒலிக்கும் இசை, உண்மையிலேயே நெஞ்சைத் தொட வேண்டிய இடம் வரும்போது தன் பங்குக்கு என்ன செய்ய முடியும்? ஓசையைக் கூட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

நம் மொழியிலேயே இதற்கு மாற்றான முயற்சிகள் இருக்கின்றன. 1954-இல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. அதை இயக்கிய எஸ். பாலசந்தர் பிற்காலத்தில் வீணைக் கலைஞராகப் புகழ்பெற்றவர் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு கூடுகிறது. இசையை இவ்வளவு நன்றாக அறிந்தவருக்கே அதை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2024-இல் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ இன்னும் ஒரு படி மேலே போய், பாட்டு மட்டுமல்லாமல் பின்னணி இசையும் இல்லாமலே வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே வந்த ஏராளமான படங்களில் இசை ஓய்ந்திருந்து உங்களை அசைத்த காட்சிகள் எவை என்பதையும், நான் சொல்வதில் பிழை இருந்தால் அது எது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சுருதிப்பெட்டி:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நடிப்பும் காட்சியும்தான் உண்மை என்றும், இசை பிறகு அதன்மேல் போர்த்தப்படும் துணி என்றும் நீங்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. திரையில் இல்லாததைச் சொல்லும் ஆற்றல் இசைக்கு உண்டு. ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குள் இருக்கும் அச்சத்தை, அவன் முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல், இசையால் நமக்கு உணர்த்த முடியும். படத்தொகுப்பு அதைச் செய்ய வேண்டுமானால் இன்னொரு காட்சியை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மன் அந்தக் காட்சிக்கும் இசை எழுதிக் கேட்கச் செய்த பிறகே அவர் மனம் மாறினார். படம் முழுவதற்கும் நரம்புக் கருவிகளை மட்டுமே ஹெர்மன் பயன்படுத்தினார். இன்று அந்தக் காட்சியை நினைக்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கீச்சிடும் அந்த வயலின்கள்தாம். இயக்குநரின் முதல் எண்ணம் நிறைவேறியிருந்தால் நமக்கு அது கிடைத்திருக்காது.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் பாடல்கள் இல்லை. ஆனால் இசை இருக்கிறது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துக் கையாளப்பட்டது அது. அந்தப் படத்தை மனத்தில் கொள்ளாமல் எழுதப்பட்ட இசை, சிறு வீடு ஒன்றைக் கட்டி முடிக்கப் போராடும் ஒரு பெண்ணின் கதையோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை நான் இன்றுவரை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். அதில் இசை எனக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவளோடு கூடவே நடந்து வந்தது. ஆகவே இசை குறைவாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களைத் தடுமாற வைத்த படத்தின் குறை, இசை மிகுந்தது அன்று, அது முந்திக்கொண்டது.

கடைசிவரிசை:

‘முந்திக்கொண்டது’ என்ற சொல்லுக்கு நன்றி. நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். ஆனால் ‘சைக்கோ’ கதைக்கு நேர் எதிரான ஒரு கதையும் திரைப்பட வரலாற்றில் இருக்கிறது. ஜூல்ஸ் டாசின் இயக்கிய ‘ரிஃபிஃபி’ (1955) என்ற பிரெஞ்சுப் படத்தில், நகைக்கடைக் கொள்ளை ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும். அந்த நேரம் முழுவதும் உரையாடலும் இல்லை, இசையும் இல்லை. அந்தப் படத்தின் இசையமைப்பாளர் ழார்ழ் ஓரிக் அந்தப் பகுதிக்கும் இசை எழுதியிருந்தார். இசையோடு ஒரு முறையும் இசையில்லாமல் ஒரு முறையும் போட்டுப் பார்த்த பின், இசை வேண்டாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. தன் உழைப்பை விலக்கிவைக்கத் தானே சம்மதித்த அந்தக் கலைஞர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நானே மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்; ஏனென்றால் அவர்கள் ஓசை எழுப்பக் கூடாது என்ற கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. இசை ஒலித்திருந்தால் அந்தக் கவலைக்கு இடமே இருந்திருக்காது. திரையில் இத்தனை வயலின்கள் ஒலிக்கும்போது ஓர் உளி கீழே விழுந்தால் என்ன?

ஒலித்தடம்:

திரைப்பட ஒலிப்பதிவுத் துறையில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றை விளக்க விரும்புகிறேன். இந்த விவாதம் இசையமைப்பாளர்களின் ரசனை பற்றியதாக மட்டுமே போய்விட்டால், உண்மையான காரணம் மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஒரு படத்தின் ஒலி, எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சிங்குக்கு வரும்போது மூன்று பெரும் பிரிவுகளாக வரும்: உரையாடல், ஒலி விளைவுகள், இசை. இவற்றுள் இசையைத் தூக்கிவிட்டால் மீதமுள்ள இரண்டும் தாமாகவே நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் படங்களில் நெடுங்காலமாக உரையாடல் டப்பிங் அறையில் பதிவு செய்யப்பட்டுவருகிறது. படப்பிடிப்பில் பெரிதும் பயன்பட்ட அரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் கையாள எளிதானவை, ஆனால் ஓடும்போது கடுமையாக இரைச்சலிடுபவை. அவற்றின் அருகே பேசிய பேச்சைப் படத்தில் பயன்படுத்த முடியாது என்பதால், அங்கே பதிவாகும் ஒலி வெறும் வழிகாட்டியாக மட்டுமே கொள்ளப்பட்டது. கேமராக்கள் பின்னர் அமைதியாகிவிட்டன. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

டப்பிங் அறை என்பது எதிரொலி முற்றிலும் அடக்கப்பட்ட இடம். அங்கே பதிவான குரலை, திரையில் தெரியும் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தால், அது அந்தக் கூடத்துக்குச் சொந்தமான குரலாக இருக்காது. காட்சியில் யாரும் பேசாத நேரத்திலும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஒலி உண்டு. மின்விசிறியின் முனகல், தொலைவில் போகும் வண்டி, சுவர்களிலிருந்து திரும்பி வரும் மெல்லிய இரைச்சல் இவையெல்லாம் சேர்ந்ததைத்தான் நாம் ‘அமைதி’ என்று உணர்கிறோம். ஒலித்தடத்தில் உண்மையாகவே எதுவும் இல்லையென்றால் பார்வையாளர்கள் அதை அமைதியாக உணர மாட்டார்கள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள். ஆகவே அமைதியைக் கட்டித்தான் எழுப்ப வேண்டும். காலடி ஓசை, துணி உரசல், குவளை வைக்கும் ஒலி ஆகியவற்றை ஃபோலி கலைஞர் படத்தைப் பார்த்துக்கொண்டே தனித்தனியாக நிகழ்த்திப் பதிவு செய்ய வேண்டும். ஹாலிவுட்டின் ஜாக் ஃபோலி என்பவரின் பெயரால் வழங்கும் அந்தக் கலை நேரத்தையும் பொறுமையையும் கேட்பது. படத்தின் வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது முதலில் சுருக்கப்படுவது இந்த நாட்கள்தாம். அப்போது காட்சியில் ஓட்டைகள் தெரியும். அவற்றை அடைக்க எளிதாகக் கிடைக்கும் பொருள் இசை. ‘இந்த இடம் காலியாக இருக்கிறது, ஆர்.ஆரில் (பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங்கில்) பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இசையமைப்பாளர் கேட்டு வாங்கிய சுமை அன்று அது. அவர்மீது இறக்கிவைக்கப்பட்ட சுமை.

‘கொட்டுக்காளி’ இசையின்றி நிற்க முடிந்ததற்கும் இதுதான் காரணம். படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவான ஒலியை அது நம்பியது. அந்த அடித்தளம் இல்லாத ஒரு படத்திலிருந்து இசையை மட்டும் உருவிவிட்டால் கடைசிவரிசை அவர்கள் விரும்பும் அமைதி கிடைக்காது. பாழடைந்த ஒரு வெற்றிடம்தான் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. படத்தொகுப்பு நடக்கும்போது, இசை இன்னும் எழுதப்படாத நிலையில், வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு இயக்குநரின் காது அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த இடத்தில் இசையே இல்லாமல் பார்க்க அவரால் முடியாது. ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் தம் விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிக்கொடுத்த முழு இசையையும் விலக்கிவிட்டு, தொகுப்பின்போது போட்டுப் பார்த்திருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். அது மாபெரும் படைப்பாக அமைந்தது என்பது வேறு. அந்தப் பழக்கத்தின் பிடி எத்தனை வலியது என்பதற்கு இது சான்று.

முதல்நாள்காட்சி:

இங்கே எழுதியிருக்கும் அனைவரும் மென்மையான குடும்பக் காட்சிகளையும் உலகப் படங்களையும் மட்டுமே எடுத்துக்காட்டுகிறீர்கள். நான் விரும்பிப் பார்ப்பவை நாயகர்களைக் கொண்டாடும் படங்கள். அதைச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவற்றில் இசை முந்திக்கொள்வதுதான் இன்பமே. நாயகன் வருவதற்கு முன்பே அவனுக்குரிய இசை ஒலிக்கும். அரங்கத்தில் இருக்கும் முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் அதை அடையாளம் கண்டு ஆர்ப்பரிப்பார்கள். அந்த நொடியில் நான் தனி ஆள் இல்லை. வேலை, கவலை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு வந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொற்களில் அடக்க முடியாது. அங்கே போய் ‘இசை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது’ என்று குறைகூறுவது, தேர் வருவதற்கு முன் மேளம் கேட்டுவிட்டது என்று குறைகூறுவதைப் போன்றது.

கடைசிவரிசை:

முதல்நாள்காட்சி அவர்களே, உங்கள் மகிழ்ச்சியை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். நானும் அந்த ஆர்ப்பரிப்பில் கலந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த இன்பத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். ‘பாட்ஷா’ (1995) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணிக்கம் என்ற ஆட்டோ ஓட்டுநர் படத்தின் முற்பகுதியில் அடி வாங்குகிறார், பணிந்து போகிறார், தம் பழைய அடையாளத்தை ஒளித்துவைக்கிறார். அவர் பொறுத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நாமும் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் அந்தப் பொறுமை உடையும்போது தேவாவின் இசை இடிபோல இறங்குகிறது. இன்றைய படங்கள் பலவற்றில் நாயகன் முதல் காட்சியிலேயே அந்த உச்சத்தில் வந்து நின்றுவிடுகிறார். பிறகு அவர் கதவைத் திறந்தாலும், வண்டியிலிருந்து இறங்கினாலும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாலும் அதே முழக்கம். மேளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் மேளம் ஓயாவிட்டால், மறுபடி தேர் புறப்படும் நாளை எப்படி அறிவது?

முதல்நாள்காட்சி:

‘பாட்ஷா’ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போதைய படங்களில் நாயகன் ஆறு முறை அறிமுகமானாலும் ஆறு முறையும் நான் கைதட்டுகிறேன் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். அடக்கிவைத்துக் கொடுப்பது ஒரு சுவை, அள்ளிக் கொடுப்பது இன்னொரு சுவை. இரண்டாவதை விரும்புகிறவர்கள் படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற தொனி மட்டும் இந்த இழையில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாளரம்:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். எழுதலாமா என்று தயங்கிவிட்டு இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் பார்வையாளர் என்று சொல்லும்போது கண்ணால் பார்ப்பவரை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறீர்கள்.

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாங்கள் சிறுவயதிலிருந்து சேர்ந்து படம் பார்த்துவருகிறோம். ‘பார்ப்பது’ என்ற சொல்லைத்தான் அவரும் பயன்படுத்துவார். திரையில் நடப்பதை நான் தாழ்ந்த குரலில் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் சொல்ல அவர் விடமாட்டார். ‘எனக்குத் தெரிகிறது, நீ பேசாமல் இரு’ என்பார். எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். வந்தவர் செருப்பை வெளியே கழற்றினாரா, உள்ளேயே வந்துவிட்டாரா என்பதை அவர் காலடியிலிருந்து அறிகிறார். பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்பதைக் குரலின் அழுத்தத்திலிருந்து அறிகிறார். ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பினால், குரலின் கடைசி எழுத்தில் அதுவும் அவருக்குக் கேட்டுவிடுகிறது.

அவருக்கு இசை மிகவும் பிடிக்கும். எங்கள் வீட்டில் அவரைவிட அதிகமாகப் பாட்டு கேட்பவர் யாருமில்லை. ஆயினும் படத்தில் இசை இடைவிடாது ஒலித்தால் அவர் தொலைந்துபோகிறார். இசை எழும்போது காலடிகள் அதனடியில் புதைந்துவிடுகின்றன. அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. ‘இந்தக் காட்சி சோகமானது என்று வயலின் சொல்கிறது, ஆனால் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்’ என்று ஒரு முறை சலித்துக்கொண்டார். கடைசிவரிசை அவர்கள் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தபோது அந்த நடிகை கால்களைப் பார்த்ததைக் கண்டுபிடித்தார். என் அண்ணனால் ஒலியை அடைக்க முடியாது. அவருக்கு ஒலிதான் படம்.

சுருதிப்பெட்டி அவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். யாரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் அண்ணனுக்குக் கிடைப்பது இசை ஒன்றுதான். அப்போது ஒரு புல்லாங்குழல் வந்தால், ‘ம்’ என்று மெல்லத் தலையசைப்பார்.

ஒலித்தடம்:

சாளரம் அவர்களுக்கு: நான் எழுதிய நீண்ட விளக்கத்தில் இல்லாத ஒன்றை உங்கள் பதிவு சொல்லிவிட்டது. மிக்சிங் மேசையில் இருக்கும்போது காலடி ஓசையின் அளவை இசைக்காகக் குறைத்துவிடச் சொல்வார்கள். ‘கால்கள்தாம் திரையில் தெரிகின்றனவே’ என்பதே காரணமாக இருக்கும். திரையைப் பார்க்காமல் கேட்பவருக்கு அது என்ன செய்கிறது என்று நான் எண்ணியதே இல்லை.

உங்கள் அண்ணனுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு படத்தைப் பரிந்துரைக்கிறேன். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் இயக்கிய ‘எம்’ என்ற ஜெர்மன் படத்தில் பின்னணி இசை கிடையாது. குழந்தைகளைக் கொல்லும் ஒருவன் கிரீக் என்ற இசைமேதையின் ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கும் பழக்கம் உடையவன். படத்தில் திரும்பத் திரும்ப நாம் கேட்கும் மெட்டு அதுதான். காவல்துறை முழுவதும் தேடிக் கிடைக்காத அவனை, பலூன் விற்கும் பார்வையற்ற முதியவர் ஒருவர் அந்தச் சீழ்க்கையைக் கேட்டு அடையாளம் காண்கிறார். படம் முழுக்க இசை நிரம்பியிருந்தால் அந்த முதியவரின் காதுக்கும் நம் காதுக்கும் அந்த மெட்டு தனித்து விழுந்திருக்காது. திரைப்படம் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இதை ஒருவர் உணர்ந்திருந்தார்.

சுருதிப்பெட்டி:

அதே 1931-இல்தான் நம் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது; அது பாட்டுகளால் நிறைந்தது. நம் திரைப்படம் நாடக மேடையிலிருந்து பாட்டோடு இறங்கி வந்தது, அதனால் இசை நமக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அன்று என்பதை இப்போதும் வலியுறுத்துவேன். ஆனால் சாளரம் அவர்களின் அண்ணன் சொன்னதைப் படித்த பின், இசைக்கு ஆதரவாக நான் வைத்த வாதத்தில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ‘திரையில் இல்லாததை இசை சொல்லும்’ என்றேன். திரையில் இருப்பதை அது மறைக்கவும் கூடும் என்பதைப் பொருட்படுத்தாமல் விட்டேன். இசையோடு வாழ்பவனுக்கு அது எளிதில் தென்படுவதில்லை.

இந்த இழையில் வந்திருக்க வேண்டிய இன்னொரு படத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘பேசும் படம்’ (1987). உரையாடல் இல்லாத அந்தப் படத்துக்கு எல். வைத்தியநாதன் இசையமைத்தார். பேச்சே இல்லையென்றால் அந்த இடைவெளி முழுவதையும் இசையால் நிரப்பத் தோன்றும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தெருவின் இரைச்சல், அண்டை வீட்டாரின் ஓசைகள், பொருள்களின் சத்தம் எல்லாவற்றுக்கும் இடம்விட்டு, இசை தன் முறை வரும்போது மட்டும் வருகிறது. அந்த நாயகனுக்கு இரைச்சலில்லாமல் தூக்கமே வராது என்பதே அந்தப் படத்தின் அழகான நகைச்சுவைகளில் ஒன்று என்பது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கடைசிவரிசை:

இந்த இழையைத் தொடங்கியபோது இருந்த என் கருத்து இப்போது அப்படியே இல்லை. இசையமைப்பாளர்கள் நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நிறுத்தினால் அடியில் தாங்குவதற்கு ஒலி இல்லை என்பதை ஒலித்தடம் அவர்களிடமிருந்து அறிந்தேன். இனி ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது ‘பின்னணி இசை அருமை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், ஒலி வடிவமைப்பாளர் யார், ஒலிப்பதிவு செய்தவர் யார் என்பதையும் பெயர் பட்டியலில் தேடிப் படித்து எழுதுவதாக இருக்கிறேன். அமைதியைக் கட்டி எழுப்புகிறவர்களின் பெயர்களை நாம் சொல்லாவிட்டால், அடுத்த படத்திலும் சுருக்கப்படுவது அவர்களுடைய நாட்களாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கதவைத் திறக்கும் தாய்க்குத் தெரியும் முன் எனக்குத் தெரியக் கூடாது. அவளோடு சேர்ந்துதான் நானும் அறிய வேண்டும்.

சாளரம் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கொட்டுக்காளி’ படத்தை உங்கள் அண்ணனோடு பார்க்க முடிந்தால், அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்.

சாளரம்:

நேற்று இரவு பார்த்தோம். அண்ணன் கேட்டுக்கொண்டபடி, தொடக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

வண்டியின் இயந்திர ஒலி மாறுவதிலிருந்து அது மேட்டில் ஏறுவதையும் நிற்பதையும் அவரே சொன்னார். கட்டிவைத்திருந்த சேவல் சிறகடித்ததும், ‘சேவல் பக்கத்திலேயே இருக்கிறது’ என்றார். தொண்டை கட்டிய குரலில் பேசும் பாண்டி என்ற பாத்திரத்தின் கோபம் ஏறி இறங்குவதை, அவர் சொற்களைவிட அந்தக் கரகரப்பிலிருந்தே தொடர்ந்துகொண்டிருந்தார். இசை இல்லாதது தமக்கு ஒருமுறைகூடக் குறையாகப் படவில்லை என்றும், நெடுநாள் கழித்து ஒரு படத்துக்குள் வழி தவறாமல் நடந்ததாகவும் சொன்னார்.

ஆனால் அந்தப் படத்தின் நடுவில் இருக்கும் மீனா பெரும்பகுதி நேரம் பேசுவதே இல்லை. எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளுக்காக முடிவெடுக்கிறார்கள், அவள் வாய்திறப்பதில்லை. கண்ணுள்ள நமக்கு அவள் முகம் இருக்கிறது. அண்ணனுக்கு அவள் இருக்கும் இடத்தில் எதுவுமே இல்லை. மற்றவர்களின் குரல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கொண்டு அவளைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

‘அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள்?’ என்பதுதான் படம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். சற்று நேரம் கழித்து, ‘நான் நினைத்த இடம்தான்’ என்றார். பிறகு அவள் முகம் ஒவ்வொரு காட்சியிலும் எப்படி இருந்தது என்று கேட்டார். நள்ளிரவு தாண்டும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.